அப்டேட் பொத்தானை அமத்த முதல்

வேர்ட்பிரஸ்ஸில் இணையத்தளம் நடத்துகிற கனபேருக்குப் பழக்கமான பயம் ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் 'தீமுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்ற அறிவிப்பு நிற்கும். அமத்தினால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் யாரும் அமத்தமாட்டார்கள். முந்தி யாரோ ஒருவர் அந்தத் தீமின் கோப்புகளுக்குள் போய் ஏதேதோ மாற்றி வைத்திருப்பார். என்ன மாற்றினார் என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது. அமத்தினால் அது போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

அந்தப் பயம் நியாயமானதுதான். அப்டேட் கொடுத்தவுடன் வேர்ட்பிரஸ் பழைய தீமின் கோப்புறையை முழுதாக எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. தீம் செய்தவர் எழுதிய வரி எது, நாங்கள் எழுதிய வரி எது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை கொஞ்சம் கூட. பெரும்பாலான தீம்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. தலைப்புகளுக்கு வரி இடைவெளியை இறுக்கி வைத்திருப்பார்கள், எங்கட எழுத்துகள் மேல் வரியோடு முட்டும். எழுத்துகளுக்கிடையில் இடைவெளி விட்டிருப்பார்கள், சொல்லைப் பார்க்கப் பல்லுப் போனது மாதிரி இருக்கும். தீமோடு வருகிற எழுத்துருவில் தமிழ் இருக்காது, ஒவ்வொரு கணினியும் தன்னிடம் இருக்கிற தமிழைக் காட்டும். கைபேசித் திரையில் நீளமான சொற்கள் ஓரத்தைத் தாண்டும். ஆகவே தமிழ்த் தளம் என்றால் யாரோ ஒருவர் தீமில் கை வைத்தே இருப்பார்.

சரி, அப்டேட் செய்யாமலே விட்டால் என்ன? தீமும் ஒரு நிரல்தான், அதிலும் ஓட்டை வரும். 2011 ஓகஸ்ட்டில் டிம்தம்ப் என்ற படம் சிறிதாக்கும் நிரலில் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தது. அது எத்தனையோ தீம்களுக்குள் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது. தங்கள் தீமுக்குள் அது இருக்கிறதென்றே பலருக்குத் தெரியாது. 2015 மே மாதத்தில் வேர்ட்பிரஸ்ஸோடு வருகிற ட்வென்டி ஃபிஃப்டீன் தீமிலேயே, தளத்தின் வேலைக்குத் தேவையில்லாத ஓர் எடுத்துக்காட்டுக் கோப்பால் இப்படி ஓர் ஓட்டை வந்தது. சிலர் அப்டேட் வராமல் இருக்கக் கோப்புறையின் பெயரையே மாற்றிவிடுவார்கள். அறிவிப்பு நிற்கும், ஓட்டையை அடைக்கிற திருத்தமும் சேர்ந்து நிற்கும்.

இவ்வளவும் தெரிந்துதான் போன வருஷம் ஒரு வாசகர் வட்டத்தின் தளத்தை நாங்கள் பொறுப்பெடுத்தோம். அதைப் பார்த்துவந்த அக்கா கனடாவுக்குப் போய்விட்டா. தீம் பல பதிப்புகள் பின்னால் நின்றது. நாங்கள் முதலில் முழுத் தளத்துக்கும் பேக்கப் எடுத்தோம். பிறகு அங்கே ஓடிக்கொண்டிருந்த அதே பதிப்பின் கைபடாத மூலப் பிரதியைத் தரவிறக்கி, இரண்டு கோப்புறைகளையும் ஒப்பிடும் மென்பொருளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புதிய பதிப்போடு ஒப்பிட்டிருந்தால் தீம் செய்தவரின் மாற்றங்களும் கலந்து வந்து குழப்பியிருக்கும்.

வித்தியாசங்கள் பெரும்பாலும் எதிர்பார்த்தவைதான். எழுத்துரு, வரி இடைவெளி, 'மேலும் வாசிக்க'. ஆனால் தனிப் பதிவைக் காட்டுகிற கோப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. 'நினைவுகள்' என்ற பகுதியில் உள்ள பதிவென்றால், எழுதியவரின் பெயரைக் காட்டாதே. பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. எங்களில் ஒருவர் இது பழைய சோதனையாக இருக்கும், விட்டுவிடலாம் என்றார். எதற்கும் ஒருக்கா கேட்போம் என்று வாட்ஸ்அப்பில் கேட்டோம்.

"ஐயோ, அதில மட்டும் கை வைக்காதேங்கோ பிள்ளையள்" என்றா அக்கா. "அது காணாமல் போன ஆக்களைப் பற்றி வீட்டுக்காரர் எழுதினது. பேர் வெளியில தெரியக்கூடாது எண்டு கேட்டுத்தான் தந்தவை."

தளத்தில் இருந்த மிக முக்கியமான மாற்றம் அந்த ஒரு வரிதான். 2020 ஓகஸ்ட்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து தீம்கள் தாமாகவே அப்டேட் ஆகும்படி வைக்க ஒரு சொடுக்கு வசதியும் இருக்கிறது. யாராவது நல்ல நோக்கத்தோடு அதைப் போட்டிருந்தால், ஓர் இரவில் அத்தனை பெயர்களும் வெளியே வந்திருக்கும். தளம் உடைந்தது போலக்கூடத் தெரிந்திருக்காது. பார்க்க எல்லாம் ஒழுங்காகவே இருந்திருக்கும்.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படுகிற தீர்வு சைல்ட் தீம். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். தீம்கள் இருக்கிற இடத்தில் புதிதாக ஒரு கோப்புறை. அதற்குள் ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்ற கோப்பு. அதன் தலையில் எங்கள் தீமின் பெயரும், 'டெம்ப்ளேட்' என்ற வரியில் மூலத் தீமின் கோப்புறைப் பெயரும். எங்கட நிறம், எழுத்துரு எல்லாம் இதற்குள் வரும். மூலத் தீமை எத்தனை தடவை அப்டேட் செய்தாலும் இந்தக் கோப்புறையை அது தொடாது. (தீம் என்பதோடு இரண்டாம் வேற்றுமை சேர்த்தால் இப்படித்தான் வருகிறது, மன்னிக்கவும்.)

ஆனால் சைல்ட் தீமிலும் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மூலத் தீமிலிருந்து ஒரு கோப்பை முழுதாகக் கொப்பி எடுத்து வைத்தால், அந்தக் கோப்புக்கு இனிமேல் வரும் திருத்தங்கள் எங்களுக்கு வராது. ஆகவே தேவையான அளவு மட்டும்தான் கொப்பி எடுக்கவேணும். மற்றது, லோகோ, நிறத் தெரிவுகள், 2016 டிசம்பரில் 4.7 பதிப்போடு வந்த 'அடிஷனல் சிஎஸ்எஸ்' பெட்டியில் எழுதியவை எல்லாம் தரவுத்தளத்தில், அந்தந்தத் தீமின் கணக்கில் இருக்கின்றன. அப்டேட்டில் அழியாது. ஆனால் சைல்ட் தீமுக்கு மாறியவுடன் வெறுமையாகத் தெரியும். பதறவேண்டாம், பழைய தீமின் கணக்கில் அவை அப்படியே இருக்கும், எடுத்துவந்து போடலாம்.

பெயர் மறைக்கிற வரியையும் சைல்ட் தீமில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதை யோசிக்கும்போதுதான் வேறொன்று விளங்கியது. தீம் மறைப்பது பக்கத்தில் தெரிகிற பெயரை மட்டும். அதே பதிவின் ஆர்எஸ்எஸ் ஓடையில் எழுதியவரின் பெயர் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் உரிய பதிவுப் பட்டியல் பக்கம் தனியாக இருக்கிறது. நாளைக்கு வேறு தீமுக்கு மாறினால் சைல்ட் தீமும் சேர்ந்து போய்விடும். அந்தக் குடும்பங்கள் கேட்டது அழகு பற்றிய மாற்றம் இல்லை. அதைத் தீமில் வைத்ததே இடம் மாறி வைத்தது.

அதனால் அந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, எழுதியவர் என்ற இடத்தில் 'வாசகர் வட்டம்' என்ற பொதுக் கணக்கைக் கொடுத்தோம். இப்போது எந்தத் தீம் வந்தாலும் காட்டுவதற்கு வேறு பெயர் இல்லை. பிறகு தேடுபொறிகளில் பழைய பிரதி ஏதும் நிற்கிறதா என்றும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு எந்தத் தளத்தில் கை வைத்தாலும் இப்படிப் பிரிக்கிறோம். பார்வைக்கானது சைல்ட் தீமில். தீம் மாறினாலும் தொடரவேண்டிய வேலை சின்னதாக ஒரு செருகுநிரலில். ஆட்களுக்குக் கொடுத்த வாக்குறுதி பதிவிலேயே, தரவிலேயே. 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த புதிய வகைத் தீம்களில் எடிட்டரில் செய்கிற மாற்றங்கள் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் சைல்ட் தீமின் தேவை குறைந்திருக்கிறது. பிரித்து வைக்கிற தேவை குறையவில்லை.

எங்களைப் போன்ற குழுக்களில் ஆட்கள் நிற்பதில்லை. படிப்புக்குப் போவார்கள், வேலைக்குப் போவார்கள், வெளிநாடு போவார்கள். அக்கா மறுமொழி சொன்னதால் தப்பியது. எல்லாரையும் எப்போதும் கேட்க முடியாது. அதனால் சைல்ட் தீமின் கோப்புறைக்குள் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றும் வைத்திருக்கிறோம். என்ன மாற்றினோம், எந்தத் திகதி, யார் கேட்டது, ஏன். கடைசிக் கேள்விக்கான மறுமொழியை மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். 'என்ன' என்பதை இரண்டு கோப்புறைகளை ஒப்பிட்டாவது கண்டுபிடிக்கலாம். 'ஏன்' எந்தக் கோப்புறையிலும் கிடைக்காது.

உங்கள் தளத்திலும் அந்த அறிவிப்பு கனகாலமாக நிற்கிறதா? தீமில் கை வைத்த ஆளின் தொலைபேசி இலக்கம் இன்னும் வேலை செய்கிறது என்றால், முதலில் அவருக்கு ஒரு கோல் எடுங்கோ.