கற்ற இடம் எது?



கடைக்குச் சென்று புடவை எடுக்கும் இல்லத்தரசி முந்தானையை விரித்துப் பார்க்கிறாள். சாயம் போகுமா என்று கேட்கிறாள். மனத்துக்குப் பிடிக்கவில்லையெனில் அடுத்த கடைக்குப் போகிறாள். அரிசி வாங்குவோர் நான்கு மணியை வாயிலிட்டுக் கடித்துப் பார்க்கின்றனர். ஆனால் நோயுற்று மருத்துவர்முன் அமரும்போது இந்தச் சாமர்த்தியம் எதுவும் நமக்குப் பயன்படுவதில்லை. அவர் எழுதித் தரும் மருந்து தக்கதா என்று அறிய நமக்குப் படிப்பில்லை. அறுவை மேசையில் மயங்கிக் கிடப்பவனுக்கோ வினவுவதற்கு வாயுமில்லை. ஆகவே, நோயாளியால் இயலாத சோதனையை அவனுக்காக வேறொருவர் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும். மருத்துவரும் செவிலியரும் எங்கே கற்றனர், கற்பித்த இடத்தை யார் சோதித்தனர் என்னும் வினாக்கள் அதைச் சார்ந்தவை. நமது சங்கத்துக் குடும்பங்கள் அவற்றைச் சிந்திக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஹௌராவில் வண்டி ஏறும் பிரயாணி, எஞ்சின் ஓட்டுநரின் கண்பார்வையைச் சோதித்துவிட்டா ஏறுகிறார்? தகுதிச் சான்று இல்லாதவரை நிர்வாகம் எஞ்சினில் ஏற்றுவதில்லை. சான்று பெற்றவரையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் பயிற்சிக்கும் உடற்பரிசோதனைக்கும் அனுப்புகிறது. புதிய பாதை ஒன்றில் பிரயாணிகள் வண்டி ஓட வேண்டுமானால், பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து இசைவு தருதல் வேண்டும். இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்த ஆணையர் ரயில்வே இலாகாவுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். 1941ஆம் ஆண்டில் அவ்வமைப்பு ரயில்வே போர்டினின்றும் பிரிக்கப்பட்டது. 1967 முதல் அது சிவில் விமானத் துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பாதை போடுபவரே பாதையைச் சோதித்தால் சோதனை சோதனையாக இராது என்பதே இதன் காரணம்.

மருத்துவக் கல்வியிலும் இவ்வேற்பாடு சிறிது சிறிதாக வளர்ந்து வந்தது. நாம் பிழைக்க வந்த இந்நகரமும் நம் தாயகத்தின் தலைநகரமும் இத்துறையில் உடன்பிறந்தவை எனலாம். கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரி 1835ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் நிறுவப்பட்டது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 2ஆம் நாள், சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. ஆனால் தகுதியுடைய மருத்துவர் எவர் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைக்கும் சட்டம் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் 1914ஆம் ஆண்டில்தான் வந்தது. நாடு முழுமைக்கும் ஒரே தரம் வகுக்கும் மருத்துவக் கழகச் சட்டம் 1933இல் வந்தது. செவிலியர்க்கும் மருத்துவச்சிகளுக்கும் சென்னை மாகாணம் 1926இல் சட்டம் செய்தது. இந்தியச் செவிலியர் கழகச் சட்டம் 1947இலும், மருந்தாளுநர்க்கான சட்டம் 1948இலும் தோன்றின. இவற்றுக்கு முன்னர், பெயர்ப்பலகை எழுதி மாட்டியவரெல்லாம் வைத்தியரே.

நிற்க. சட்டம் ஒன்று கல்விச் சாலையை வருத்துவது போலத் தோன்றிப் பின்னர் வளர்த்துவிட்ட வரலாறு நம் தமிழகத்திலேயே உண்டு. கல்கத்தாவில் வாழும் நாம் அதனை நன்கு அறிதல் வேண்டும். வங்காளத்து மக்கள் பெருநோய் கண்டால், "வேலூருக்குப் போவோம்" என்று கூறுவதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். காட்பாடிக்குப் பயணச்சீட்டு வேண்டி வருவோர் கையில் மருத்துவக் காகிதங்கள் அடங்கிய பையொன்று தவறாமல் இருக்கும். நம்மைத் தமிழர் என்று அறிந்ததும், "தாதா, வேலூரில் தங்குவதற்கு இடம் கிடைக்குமா?" என்று அவர்கள் கேட்பதுண்டு. மொழி தெரியாத ஊருக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நோயாளியை அழைத்துச் செல்லும் துணிவை அவர்களுக்குத் தந்தது யாது?

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் மகளிர்க்கான மருத்துவப் பள்ளியையும் அமைத்தார். அப்பள்ளியில் கற்றோர் பெற்றது எல்.எம்.பி. என்னும் உரிமப் பட்டயம். அது பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் குறைந்தது. 1930களின் இறுதியில் சென்னை மாகாண சர்க்கார், இனிப் பட்டயப் படிப்பு வேண்டா, மருத்துவராவோர் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டமே பெறுதல் வேண்டும் என்று முடிவு செய்தது. பள்ளி, கல்லூரியாக உயர வேண்டும். அன்றேல் மூட வேண்டும். உயர்வதோ எளிதன்று. மேற்பட்டம் பெற்ற ஆசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், மிகுதியான படுக்கைகள், இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் ஆகியவை வேண்டும். உலகப் போர் நடந்த காலம் அது. அம்மையார்க்கோ வயது எழுபதைக் கடந்திருந்தது. அந்நிலையிலும் அமெரிக்காவுக்குச் சென்று நிதி திரட்டினார். மகளிர்க்கென ஏற்பட்ட நிறுவனத்தில் ஆடவரைச் சேர்ப்பதா என்று அன்பர்களுக்குள்ளேயே பூசல் எழுந்தது. 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புடன் பட்ட வகுப்புத் தொடங்கியது. 1947இல் ஆடவரும் சேர்ந்தனர். 1950இல் நிலையான இணைப்புக் கிடைத்தது. செவிலியர்க்கான பட்டப் படிப்பும் 1946இலேயே அங்கே தொடங்கிவிட்டது. அன்று சர்க்கார், "போகட்டும், தொண்டு நிறுவனந்தானே" என்று விட்டிருந்தால், நல்ல எண்ணமுடைய சிறு பள்ளியாகவே அது நின்றிருக்கக்கூடும். இன்று ஹௌராவிலிருந்து நோயாளிகள் தேடிப் போகும் இடமாக அது ஆனதற்கு அம்மையாரின் அன்பு ஒரு காரணமென்றால், அன்று விதித்த கண்டிப்பான தரமும் மற்றொரு காரணமாகும்.

மருந்துக்கு உரிய கூறுகளை வகுத்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிவோரையும் சேர்த்து நான்கென எண்ணினார். இந்நான்காம் கூற்றைத்தான் நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர். நம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தாயார் மருத்துவமனையில் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் அதே பெயருடைய மற்றோர் அம்மையார். இரவு ஊசி போட வந்த செவிலிப் பெண், மருந்தை ஏற்றுமுன் தாயாரின் மணிக்கட்டிலிருந்த பட்டையைப் படித்து எண்ணை ஒப்பிட்டாள். மருந்து அடுத்த கட்டிலுக்குரியது எனக் கண்டு திரும்பினாள். உடனிருந்த நம் தங்கை மகளுக்கு அப்போது பதினைந்து வயது. "பெயர் சரியாகத்தானே இருந்தது, ஏன் எண்ணையும் பார்த்தீர்கள்?" என்று அவள் கேட்டாள். "அப்படித்தான் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள்" என்றாள் அப்பெண். அன்றே, தானும் செவிலியாக வேண்டும் என்ற ஆசை குழந்தையின் மனத்தில் வேரூன்றிவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதும், தென்புறநகரில் மாடி ஒன்றில் இயங்கிய பயிற்சி நிலையத்தில் மைத்துனர் பதினையாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினார். ஓராண்டில் நர்ஸிங் டிப்ளமா, உடனே வேலை என்று பலகை கூறிற்று. நாம் தங்கையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு சென்று பார்த்தோம். மாணவிகள் எந்த மருத்துவமனையில் பழகுகிறார்கள் என்று வினவினோம். "தெரிந்த நர்ஸிங் ஹோமில் அவரவரே சேர்ந்து கற்றுக்கொள்வார்கள்" என்றார் மேலாளர். செவிலியர் கழக அங்கீகாரம் உண்டா என்றதற்கு, "வந்துகொண்டே இருக்கிறது" என்றார். பயிற்சி அறையில் ஒரு கை கழன்ற ரப்பர் பொம்மை ஒன்று கிடந்தது.

வீடு திரும்பியதும் வாதம் தொடங்கிற்று. "இங்குப் படித்தவர்களுக்கும் வேலை கிடைக்கத்தானே செய்கிறது? மூன்று வருஷம் படிக்க வைக்க நம்மால் இயலுமா, அத்தான்?" என்றார் மைத்துனர். அவர் கூறியதிலும் நியாயமிருந்தது. வாடகை வீட்டில் வாழ்பவர்க்கு இரண்டாண்டு வருமானம் சிறிதன்று. தங்கை ஒன்றும் பேசவில்லை. குழந்தைதான், "அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு ஊசி போட எப்படிக் கற்றுக்கொள்வேன், மாமா?" என்றாள். முன்பணத்தில் பாதியே திரும்பி வந்தது. அவள் ஓராண்டு வீட்டிலிருந்து படித்து, மாநில அரசின் நுழைவுத் தேர்வெழுதி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தாள். இப்போது அவள் வாரத்தில் பல நாள் நோயாளிகளின் கட்டிலருகே, ஆசிரியையின் கண்முன் பயில்கிறாள். பள்ளிக்குத் தாய் மருத்துவமனை வேண்டும், மாணவியர் தொகைக்கேற்ப நோயாளிகள் இருத்தல் வேண்டும் என்னும் விதிகள் வெறும் காகித விதிகள் அல்ல என்பதை அவள் பேச்சிலிருந்தே உணர்கிறோம்.

கல்வித் தரம் உயிரைக் காக்கும் என்பதற்கு அயல்நாட்டு ஆய்வுகளும் உள்ளன. லிண்டா ஐக்கன் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு நூற்றுக்குப் பத்து மிகுந்த இடத்தில், நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தது. ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் இது நூற்றுக்கு ஏழாக இருந்தது. கல்வி ஒன்றே காரணம் என்று இதனால் அறுதியிட முடியாது. ஆயினும் இரு கண்டங்களிலும் கணக்கு ஒரே திசையைக் காட்டுகிறது.

இனி, மறுபக்கத்தையும் கூறுவோம். சோதிப்பவரே சோரம் போனால் என் செய்வது? 2010ஆம் ஆண்டு ஏப்ரலில், கல்லூரி ஒன்றுக்கு அனுமதி வழங்கக் கையூட்டுக் கேட்டதாக எழுந்த குற்றச்சாட்டின்பேரில் இந்திய மருத்துவக் கழகத்தின் தலைவரே கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் கழகம் கலைக்கப்பட்டு நிர்வாகக் குழு அமைக்கப்பட்டது. பின்னர் 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் அதனிடத்தில் இயங்குகிறது. 2017இல் நம் மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையினர் போலி மருத்துவர் பலரைக் கைது செய்தபோது, அவர்களுள் கல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றியவரும் இருந்தனர். பதிவேடு இருந்தும், வேலைக்கு அமர்த்தியோர் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

கிராமத்து நிலையோ வேறு. பட்டம் பெற்றவர் எட்டிப் பாராத ஊரில் பட்டமில்லாதவரே பகலும் இரவும் துணை. வீர்பூம் ஜில்லாவில் அத்தகைய 304 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுள் பாதிப்பேர்க்கு ஒன்பது மாதம் பயிற்சியளித்து ஆராய்ந்தனர். பேராசிரியர் அபிஜித் பானர்ஜி முதலானோர் செய்த அவ்வாய்வு 2016இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றோர் நோயைச் சரியாகக் கையாள்வதில் முன்னேறினர். ஆனால் வேண்டாத மருந்துகளைக் கொடுக்கும் பழக்கம் குறையவில்லை. சிறு பயிற்சியும் பயனுடையதே. எனினும் அது முழுக் கல்விக்கு ஈடாகாது. ஏழைக் கிராமத்துக்குத் தகுதியான மருத்துவரை அனுப்பும் கடமையும் தரம் விதிக்கும் அரசுக்கே உண்டு.

ஆதலால் நாம் செய்யத்தக்கவை சில. பிள்ளைகளை மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை, பரிசோதனைக்கூடப் படிப்பு எதில் சேர்த்தாலும், பணம் கட்டுமுன் உரிய கழகத்தின் பட்டியலில் அந்நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். "வந்துகொண்டே இருக்கிறது" என்னும் அங்கீகாரத்தை நம்ப வேண்டா. பயிலும் மருத்துவமனையை நேரில் காண்போம். முதியோரை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தும்போது, செவிலியர் என்று சொல்லிக்கொள்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்போம். முறையாகக் கற்றவர் அதனை மகிழ்ந்தே கூறுவார். அயலூரில் பிழைக்க வந்தவர்க்கு உற்றார் அருகில் இல்லாமையால், இந்த எச்சரிக்கை மற்றவரைவிட நமக்கு மிகுதியும் வேண்டும்.

நம் சங்கத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் பலர் உறுப்பினராக உள்ளனர். தேர்வு முடிவுகள் வரும் மாதத்தில் அவர்களுள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கூடத்தில் அமர்ந்து, பெற்றோர் கொண்டுவரும் விளம்பரத் தாள்களைப் பார்த்து ஆலோசனை கூறினால் பல குடும்பங்கள் பணத்தையும் காலத்தையும் இழவாமல் தப்பும். பெயர் தெரியாத நோயாளிகள் சிலரும் தப்புவர். செயற்குழுவினர் இதனை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்களாக.