தேவாங்கு வந்த வழி

ஒல்லியாக, முழி பிதுங்க யாராவது நின்றால் 'தேவாங்கு மாதிரி இருக்கான் பாரு' என்போம். ஆபீஸில் மூன்று வருஷமாக எனக்கு அதுதான் பெயர். ஒரிஜினலைப் பார்த்துவிடுவது என்று திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

பிரியாணியை முடித்துக்கொண்டு (சாப்பிடாமல் போனால் ஊர் மன்னிக்குமா?) நண்பனோடு திருச்சி ரோட்டில் வடமதுரை தாண்டி அய்யலூர். வறண்ட சமவெளி, முள்ளுக் காடு. இருட்டியதும் வாட்சர் ஒரு உடைமரத்தில் சிவப்பு டார்ச் அடித்தார். இரண்டு தணல் துண்டுகள்... கண்கள்! கைக்கு அடக்கமான உடம்பு, வால் கிடையாது, தாவவும் தெரியாது. அது அடுத்த கிளையைப் பிடிப்பதற்குள் எங்கள் செக்‌ஷனில் ஒரு ஃபைலே நகர்ந்திருக்கும்.

"நம்ம லெமூரியாவுக்கு இதாண்டா சாட்சி!" என்றான் நண்பன். அவன் குமரிக்கண்டம் கட்சி.

கதை உண்மையில் இப்படி. தேவாங்கின் தூரத்துச் சொந்தமான லெமூர்கள் மடகாஸ்கரில் இருக்கின்றன. நடுவே பெருங்கடல். 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர், இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, லெமூரியா என்று பெயரும் வைத்தார். நாம் சொந்தம் கொண்டாடியது பிற்பாடு. 1880-லேயே வாலஸ் அப்படியொரு கண்டம் தேவையில்லை என்று எழுதிவிட்டார்.

கண்டங்களே நகர்ந்தன என்று 1912-ல் வெகனர் சொன்னார். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தது நிஜம். ஆனால் பிரிந்து சுமார் 8.8 கோடி வருஷம் ஆகிறது. லெமூர்கள் மடகாஸ்கர் போய்ச் சேர்ந்ததோ அதற்கு வெகு பின்னால் என்பது பெரும்பாலோர் கணக்கு. அப்புறம் எப்படி? ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரம், செடிகொடித் தெப்பத்தில், சுமார் 400 கிலோமீட்டர் கடலைத் தாண்டினவாம்!

'அதிர்ஷ்டவசமாக மிதந்து வந்தது' என்றால் எதைத்தான் விளக்க முடியாது? குரோய்சா போன்றவர்கள் இதைத்தான் சாடினார்கள். நியாயமான கோபம். ஆனால் 2010-ல் அலி, ஹூபர் இருவரும் அந்தக் காலத்து நீரோட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். அது மடகாஸ்கர் பக்கமாகத்தான் ஓடியிருக்கிறது. தெப்பம் பாஸ் மார்க் வாங்கியது.

"அப்ப நம்மாளு?"

"எகிப்துல இதோட பாட்டன் பல்லு கிடைச்சிருக்கு. மூணரைக் கோடி வருஷத்துக்கும் மேல பழசு. அனேகமா தரை வழியாத்தான் ஆசியாவுக்கு வந்திருக்கும்."

"நடந்தா? இந்த வேகத்துலயா?" நண்பன் அதன்பின் பேசவில்லை.

2022-ல் இங்கே கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். இந்தியாவில் தேவாங்குக்கென்று முதலாவது.

நால்வழிச் சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு மரம். நடுவே லாரிகள்.

"மேல கிளை சேர்ந்திருந்தா போயிரும் சார்," என்றார் வாட்சர். "இப்ப இறங்கித்தான் போகணும். காலையில வந்து நாங்க எடுத்துப் போடுவோம்."