சிந்துக் கரையும் பிரமபுத்திராக் கரையும்

வடபுலத்து மொழிகள் யாவும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்று நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. ஒன்றைக் கற்றால் மற்றவை தாமே வந்துவிடும் என்பாரும் உளர். தமிழும் மலையாளமும் ஒன்றே என எவரேனும் கூறினால் நாம் எத்துணை வியப்படைவோமோ, அத்துணை வியப்பை அஸ்ஸாமியரும் சிந்தியரும் இக்கூற்றால் அடைவர். இவ்விரு மொழிகளையும் நாம் பேசி வளர்ந்தோமல்லோம், நூல்வழி அறிந்தவையே. எனினும், அவற்றை அருகருகே வைத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. உறவு வேறு, ஒன்றாயிருத்தல் வேறு.

சிந்தி, சிந்து நதி கடலை அணுகும் சமவெளியின் மொழி. அஸ்ஸாமி, பிரமபுத்திராப் பள்ளத்தாக்கின் மொழி. இரண்டும் இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நாட்டின் மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனதற்கு ஒப்பாக, ஒவ்வொன்றும் புகுந்த மண்ணின் இயல்பை ஏற்றுக்கொண்டது.

முதலில் ஒலியைக் காண்போம். ‘படம்’ என்பதற்கும் ‘பதம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு வெளிப்படை. அஸ்ஸாமியிலோ டகரமும் தகரமும் எழுத்தில் வேறாக நின்றாலும், நாவில் ஒன்றாகிவிட்டன. பழைய சகர ஒலி பெரும்பாலும் தொண்டைப் புறத்துக்குச் சென்றுவிட்டது. ‘கலீஃபா’, ‘கைர்’ என்னும் அரபிச் சொற்களின் முதலொலியை ஒருவாறு ஒத்த அவ்வொலி, வடமொழிகளிடையே அஸ்ஸாமிக்குரிய தனி அடையாளம். சிந்தியோ டகர தகர வேறுபாட்டைப் பேணியதோடு, காற்றை உள்ளிழுத்து ஒலிக்கும் நான்கு மெய்களையும் பெற்றுள்ளது. அதன் சொற்கள் குற்றுயிரில் முடிதலும் உண்டு. இந்தியில் ‘கர்’ எனப்படும் வீடு, அஸ்ஸாமியில் ‘கொர்’, சிந்தியில் ‘கரு’. வீடு, ஆடு என்று உகரத்தில் முடித்துப் பழகிய நம் செவிக்குச் சிந்தியின் இவ்வியல்பு அயலாகத் தோன்றாது.

இலக்கணத்திலும் இத்தகைய பிரிவு உண்டு. அவன் வந்தான் என்பதற்குச் சிந்தியர் ‘ஆயோ’ என்பர். அவள் வந்தாள் என்பதற்கு ‘ஆயீ’ என்பர். அஸ்ஸாமியில் இருவருக்கும் ‘ஆஹில்’ என்னும் ஒரே வினை போதும். ஆயினும் எதிர்பாராத ஓரிடத்தில் இரண்டும் ஒரே வழியில் செல்கின்றன. அவனுடைய தாய் என்பதை அஸ்ஸாமியர் ‘மாக்’ என ஒரே சொல்லாகக் கூறுவர். சிந்தியர் ‘மாணஸ்’ என்பர். இன்னாருடைய தாய் என்பதைத் தாய் என்னும் சொல்லோடே ஒட்டிவிடும் வழக்கம் இது. நம் இல்லங்களில் ‘கிதாபு’ என வழங்கும் சொல்லும் சற்றே வேறுபட்ட ஒலிப்போடு இருமொழியிலும் உண்டு.

சிந்தி இன்று பெரிதும் அரபு எழுத்தின் விரிந்த வடிவில், 52 எழுத்துகளோடு எழுதப்படுகிறது. அவ்வடிவம் 1853ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளியிட்ட எழுத்துகளைப் படைத்து அரபுத் தமிழ் எழுதிய நம் முன்னோரின் முயற்சியை இது நினைவூட்டுகிறது. அஸ்ஸாமியின் எழுத்து, வங்காள எழுத்தோடு ஏறத்தாழ ஒன்றே. அவ்வொற்றுமையே அதற்கு ஊறு விளைத்தது.

1836ஆம் ஆண்டில், ஆங்கிலேய ஆட்சி அஸ்ஸாமின் வழக்கு மன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காள மொழியைப் புகுத்தியது. அஸ்ஸாமி வங்காளத்தின் கிளைமொழியே என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆனந்தராம் டேக்கியால் புக்கன் என்னும் இளைஞர் 1855இல் இதனை மறுத்து நூலெழுதினார். அமெரிக்கப் பாதிரிமார் 1846இல் தொடங்கிய ‘அருணோதய்’ என்னும் இதழும் அம்மொழிக்கு அரணாயிற்று. எனினும் 1873இல்தான் அஸ்ஸாமி தன் இடத்தை மீளப் பெற்றது. 37 ஆண்டுகள் ஒரு மக்கள் தம் வழக்கைத் தம் மொழியில் உரைக்க இயலாது நின்றனர். ‘எல்லாம் ஒன்றுதானே’ என்னும் சிறு சொல் செய்த கேடு இது.

ஆட்சியாளர் கிளைமொழியென ஒதுக்கிய அம்மொழியில்தான், உமறுப் புலவர் பிறந்த அதே பதினேழாம் நூற்றாண்டில், ஆஜான் பக்கீர் திக்ருப் பாடல்களை இயற்றினார். சிந்துக் கரையில் ஷா அப்துல் லத்தீப் (1689–1752) நாட்டுப்புறக் கதைகளின் பெண்டிரைக் கொண்டே ஆன்மாவின் வேட்கையைப் பாடினார். உழவரும் மீனவரும் பேசிய சொற்களே இறைக்காதலைத் தாங்கப் போதுமாயிருந்தன.

துன்புற்ற மொழி, அரியணை ஏறியபின் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதும் நாம் எண்ணத்தக்கது. 1960இல் அஸ்ஸாமி மாநில ஆட்சிமொழியாயிற்று. மறு ஆண்டு மே 19 அன்று, வங்காளத்துக்கு இடம் கேட்டுச் சில்சாரில் கிளர்ந்தோரில் 11 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். பின்னரே அவர்தம் மொழிக்கு அப்பகுதியில் இடம் கிடைத்தது. 1972இல் சிந்து மாநிலம் சிந்தியை ஆட்சிமொழியாக்கியபோது, கராச்சியில் உருது பேசுவோருடன் மோதல் மூண்டது. அவர்களுக்குப் பன்னிரண்டாண்டுக் காலக்கெடு அளிக்கப்பட்டது. 1947இன் பிரிவினையில் இந்தியாவுக்குப் பெயர்ந்த சிந்தியருக்கோ தமக்கென ஒரு மாநிலமே இல்லை. 1967இல் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம் கிடைத்தது. ஒரே மொழி ஒரு நாட்டில் ஆளும் மொழி, மறு நாட்டில் சிறுபான்மையர் மொழி.

தன் தாய்மொழிக்கு ஒருவன் கேட்கும் மதிப்பைத் தன் அண்டை வீட்டான் மொழிக்கும் அவன் அளித்தாக வேண்டும். கேட்பது எளிது, அளிப்பதே அருமை. இவ்விரு மொழிகளின் வரலாறும் நமக்கு உணர்த்துவது இதுவேயென நாம் கருதுகிறோம்.