பாலாகத் திரும்பும் மாவு

சுங்கை லாலாங்கில் பாதி முடிந்த ஒரு மாடி வீட்டுக்குள் நுழைந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். வாசலில் டைல் ஒட்டும் கலவைத் தூள் நிரப்பிய சாம்பல் நிறப் பைகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றும் 25 கிலோ. உள்ளே டைல் ஒட்டும் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாளியில் கலவை போட்டுக்கொண்டிருந்தார். "செருப்ப வெளிய போட்டுட்டு வாங்க தம்பி, தரைய இப்பத்தான் கூட்டினேன்" என்றார். வயது அறுபதைத் தாண்டியவர். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர், இருபது வருஷமாக டைல் ஒட்டுகிறார்.

நான் போன காரணம் என் வீட்டு ஹால். மூன்று மாதத்துக்கு முன் நடுராத்திரியில் பட்டாசு போட்ட மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், நான்கு டைல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கூடாரம்போல் எழுந்து நின்றது. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். முதுகில் ஒரு பொட்டு சிமெண்ட் இல்லை, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஒட்டிய ஆள் வெறும் சிமெண்டும் மணலும் குழைத்து வைத்திருந்தார்.

"அந்தக் காலத்துச் செம்மண் ஓடா இருந்தா புடிச்சிருக்கும். இது குடிக்காதே" என்றார் அண்ணன். குடிக்காது என்றால் தண்ணீரை உறிஞ்சாது. சுட்ட மண் ஓடு ஈரத்தை இழுக்கும்போது சிமெண்ட் பாலும் அதன் துளைகளுக்குள் போய் இறுகிக்கொள்ளும். இன்றைய போர்சலீன் டைல் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் எடுக்காது. சிமெண்டுக்குக் கால் ஊன்ற இடம் இல்லை. கீழே காங்கிரீட் வருஷக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாகச் சுருங்குகிறது. மேலே டைல் வெயிலிலும் ஈரத்திலும் மயிரிழை அளவு பெருக்கிறது. இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டியிருந்தால் அது போக வழியில்லாமல் ஒருநாள் எழுந்து நிற்கும். என் ஹாலில் நடந்தது அதுதான்.

அண்ணன் வாளி விளிம்பில் நேற்றுக் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு துண்டை உரித்து என் கையில் கொடுத்தார், தோசை கனம்தான். மெல்ல வளைத்தேன். வளைந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திய பிறகுதான் ஒடிந்தது. பக்கத்துச் சுவரடியில் கிடந்த சாதாரண சிமெண்ட் சில்லை அதேபோல் வளைக்கப் போனேன், முறுக்கு மாதிரி படக்கென்று போய்விட்டது.

வித்தியாசம் பையில் சில கைப்பிடி அளவே இருக்கும் வெள்ளை மாவில். அது பாலிமர் மாவு. பெரும்பாலும் வினைல் அசிட்டேட்டும் எத்திலீனும் சேர்ந்தது. தொழிற்சாலையில் முதலில் அது பால்போல ஒரு திரவம். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. உயரமான கோபுரத்துக்குள் சூடான காற்றில் அதைப் பீய்ச்சினால் ஈரம் பறந்து மாவாக விழுகிறது. பால் பவுடர் செய்கிற அதே முறை. துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பாலிவினைல் ஆல்கஹால் என்ற சட்டை; மூட்டையில் கட்டி தட்டாமல் இருக்கக் கொஞ்சம் நுண்ணிய களிமண் அல்லது சுண்ணாம்புக்கல் தூள். தண்ணீர் பட்டதும் சட்டை கரைந்து மாவு மறுபடி பாலாகிவிடும். அப்புறம் சிமெண்ட் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று இழைந்து சேர்ந்து சவ்வாகப் படர்கின்றன. வழுவழுப்பான டைலையும் பிடித்துக்கொள்வது அந்தச் சவ்வு. இப்படி மறுபடி பாலாகும் மாவை ஜெர்மனியின் வாக்கர் நிறுவனம் 1957-இல் கண்டுபிடித்தது.

இதை நான் சொன்னதும் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "காஞ்ச பால் திரும்பப் பாலாவுதா? நம்ம தோட்டத்து ஸ்டோர்ல ஒரு சொட்டு ஆசிட் ஜாஸ்தி உட்டாலே கட்டியாயிடும். கட்டியானது கட்டியானதுதான். ஒட்டுப்பால எவன் தண்ணில போட்டுப் பாலாக்கினான்?"

தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இது புரியும். மரத்துப் பாலும் இதே சங்கதிதான்: தண்ணீரில் மிதக்கும் ரப்பர் துளிகள், மேலே புரதச் சட்டை. பார்மிக் ஆசிட் அந்தக் காவலைக் கலைத்ததும் உறைந்து சீட்டாகிறது. பிறகு புகைக்கூண்டு, கப்பல். இன்னொன்றும் அண்ணனிடம் சொன்னேன். சிமெண்டில் முதலில் கலக்கப் பார்த்ததே நம் கித்தாப் பாலைத்தான். 1923-இல் கிரெஸன் என்பவரும் 1924-இல் லெஃபெபூர் என்பவரும் ரப்பர் பாலையும் சிமெண்டையும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார்கள். சிக்கல் என்னவென்றால், சிமெண்டில் இருக்கும் கால்சியம் பட்டால் பால் திரிந்துவிடும். அதைத் தடுக்க வேறு மருந்து வேண்டும். பீப்பாயில் பாலைச் சுமக்கவும் வேண்டும். மாவு வந்ததும் எல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிட்டது, தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும். சுவருக்குப் பூசும் ஸ்கிம் கோட்டிலும், குளியலறைத் தரையில் தடவும் நீர்த்தடுப்புப் பூச்சிலும் இதே மாவு இருக்கிறது.

அண்ணன் வேலையைத் தொடர்ந்தார். பல் வெட்டிய கரண்டியால் கலவையை ஒரே திசையில் சீவிவிட்டார், உழுத வயல் மாதிரி வரி வரியாக நின்றது. பத்து நிமிஷம் கழித்து விரலால் ஒரு வரியைத் தொட்டார், விரலில் ஒட்டியது. "இப்ப வைக்கலாம்." ஜன்னல் வெயில் விழுந்த மூலையில் தொட்டபோது விரல் சுத்தமாகத் திரும்பியது. மேலே ஆடை கட்டிவிட்டது. அதைச் சுரண்டி எறிந்தார். நானாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சமாளித்திருப்பேன். "தண்ணி ஊத்திக் கெளறுனா அப்ப மெதுவாத்தான் இருக்கும், ஆனா பிடிக்காது" என்றார். டைலை வைத்து லேசாக நகர்த்தி அழுத்தினார், ரப்பர் சுத்தியலால் தட்டினார். பிறகு, என் ஆச்சரியத்துக்கு, புதிதாக வைத்த டைலையே பெயர்த்துத் திருப்பிக் காட்டினார். முதுகு முழுக்கக் கலவை. "பத்து டைலுக்கு ஒண்ணு இப்படிப் பாத்துடணும்."

கடைசியாகப் பையைப் பற்றிக் கேட்டேன். அந்த மாவுதான் பையில் விலை அதிகமான பொருள். மலிவான பையில் முதலில் குறைவது அதுதான். கண்ணால் பார்த்தால் நல்ல பைத் தூளும் மலிவுப் பைத் தூளும் ஒரே சாம்பல். அண்ணன் காலிப் பை ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ‘சி2’ என்பதைக் காட்டினார். ஐஎஸ்ஓ 13007 தரப்படி சி1 என்றால் ஒட்டும் பலம் குறைந்தது சதுர மில்லிமீட்டருக்கு அரை நியூட்டன், சி2 என்றால் ஒரு நியூட்டன். ஐந்து சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றைப் பிடுங்க சி1-க்குச் சுமார் 125 கிலோ இழுவை, சி2-க்குச் சுமார் 250 கிலோ. பக்கத்தில் ‘எஸ்1’ இருந்தால் அது வளைந்து கொடுக்கும் வகை.

என் ஹாலுக்கு அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் டைல் வேலை நடக்கப்போகிறது என்றால், பேரம் பேசுவதற்கு முன்னால் பையைத் திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் ஒரு காசை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். பானையைத் தட்டிய சத்தம் எங்கே கேட்கிறதோ, அங்கே சாமான் எதையும் வைக்காதீர்கள்.