முதலில் சூடு, பிறகு பால்

ஐப்பசி அடைமழை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்தபடி வாசலிலேயே நின்றான். பைக்குள் நோட்டுகளுக்கு நடுவே, சாப்பாட்டுத் துண்டில் சுற்றிய ஒரு நாய்க்குட்டி. செம்மண் நிறம். நெற்றியில் சின்னதாக ஒரு வெள்ளைக் கீற்று. கண் திறக்கவில்லை. காதுகள் தலையோடு ஒட்டி மடிந்து கிடந்தன. உள்ளங்கையில் வாங்கினேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி எதையோ தேடியது.

"கட்டடம் கட்டுற எடத்துல அஞ்சு குட்டிப்பா. நாங்க மூணு பேரு ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டோம். கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் நம்மகிட்ட ஒட்டுமாம்" என்றான்.

இது அவனாகச் சொன்ன சொல் இல்லை. எங்கள் மயிலாடுதுறையில் நான் சிறுவனாக இருந்தபோதும் இதையேதான் சொன்னார்கள், நானும் நம்பினேன். அது எத்தனை பெரிய பிழை என்பதை அந்தக் குட்டியை வளர்த்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

உடனே குடையை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினேன். செங்கல் அடுக்கின் மறைவில், தாய் படுத்திருந்த இடத்தில் நனைந்த சாக்கு ஒன்றுதான் கிடந்தது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று தாயையும் மிச்சமிருந்த இரண்டு குட்டிகளையும் வண்டியில் ஏற்றி எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். எங்கே என்று அங்கிருந்த யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மழையிலேயே இரண்டு மூன்று தெரு சுற்றிவிட்டுத் திரும்பினோம். மகன் வழியெல்லாம் பேசவே இல்லை.

அன்று இரவு நாங்கள் செய்த எல்லாமே தப்பு. குட்டி கத்தியது, பசி என்று நினைத்தோம். பசும்பாலில் தண்ணீர் கலந்து, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல மடியில் மல்லாத்திப் போட்டு, பாலாடையால் புகட்டினோம். இரண்டு மடக்கு உள்ளே போனது. மூன்றாவது மடக்கு மூக்கு வழியாக வெளியே வந்தது. குட்டி தும்மியது, மறுபடி கத்தியது, பிறகு கத்தவும் தெம்பில்லாமல் சோர்ந்து கிடந்தது. தூங்கிவிட்டது என்று நாங்களும் விளக்கை அணைத்தோம்.

மறுநாள் காலை கால்நடை டாக்டர் முதலில் செய்தது, அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்ததுதான். "நீங்களே தொட்டுப் பாருங்க, எப்படிச் சில்லுன்னு இருக்கு" என்றார். என் விரலில் அந்த ஈரக் குளிர்ச்சி பட்டபோது வயிற்றைப் பிசைந்தது. பிறகு அவர் சொன்னதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிக்கொள்கிறோம்: "மொதல்ல சூடு. அப்புறம்தான் பால்."

வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பிறந்த குட்டிக்கு அதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த சூட்டையும் அதனால் தானாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் குளிருக்கு நடுங்கக்கூட அதற்குத் தெரியாது. தாயின் அடிவயிறும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் உடன்பிறப்புகளும்தான் அதற்குக் கம்பளி. குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் அசையாது. ஊற்றிய பால் செரிக்காமல் அப்படியே தேங்கும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கவிழ்ந்து படுத்து, தலை கொஞ்சம் உயர்ந்து, முன்னங்காலால் தாயின் மடியை உந்திக்கொண்டே குடிப்பதுதான் நாய்க்குட்டிக்கு இயல்பு. மனிதக் குழந்தைக்குச் செய்வதை நாங்கள் அதற்குச் செய்திருந்தோம்.

பசும்பாலும் ஆகாது என்றார். நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையோ பசும்பாலில்தான் அதிகம். குட்டிக்கு வயிற்றுப்போக்கு வருவது அதனால். போதாததற்கு நாங்கள் தண்ணீர் வேறு கலந்திருந்தோம். மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண் நிலையைப் பார்த்துப் பத்து நாள் இருக்கும் என்று கணித்தார். எடை 430 கிராம்.

மகனோடு சேர்ந்து குட்டிகளை எடுத்துப்போன மற்ற இரண்டு பிள்ளைகளையும் அன்று மாலையே தேடிப் போனேன். ஒருவனுடைய குட்டி அதற்குள் உறவுக்காரர்களோடு வெளியூர் போய்விட்டது. இன்னொருவன் வீட்டில் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், உடனே பெட்டிக்குச் சூடும் வைத்தார்கள். அதற்குள் அந்தக் குட்டிக்குப் பேதி கண்டிருந்தது. நான்காம் நாள் இறந்துவிட்டது. அவர்களும் அன்போடுதான் பால் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி தயாரானது. அடியில் பழைய நூல் புடவையின் நாலைந்து மடிப்பு. ஒரு பக்கத்தில் மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்தோம். மறுபக்கத்தைச் சும்மா விட்டோம், சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்துகொள்ள. மருந்துக்கடையில் நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர் கிடைத்தது. அதை வெதுவெதுப்பாகக் கரைத்து, குழந்தைப் பாட்டிலைப் போன்ற சின்னப் பாட்டிலில், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தோம். இரவு பதினொன்று, இரண்டு, ஐந்து. இரண்டு மணி என்னுடைய முறை.

பால் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மூன்று வாரம் வரை நாய்க்குட்டியால் தானாக மூத்திரம் பெய்யவோ வெளிக்குப் போகவோ முடியாது என்பது எனக்குத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். டாக்டர் இதைச் சொன்னார் என்றதும் அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. மாடு கன்றுகளோடு வளர்ந்தவள். "பசு கன்னுக்குட்டிய நக்கிவிடுமே, அப்படித்தான்டா. கையால தொடைக்காத, நாக்கால தொடைக்கிற மாதிரித் தொடை" என்றாள்.

அப்படித்தான் கற்றுக்கொண்டேன். பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூடு சரிதானா என்று மணிக்கட்டில் ஒற்றிப் பார்க்க வேண்டும். குட்டியை இடது கையில் தாங்கி, அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கி மெல்ல, விட்டுவிட்டுத் தடவ வேண்டும். நான்கு தடவை, ஐந்து தடவை ஒன்றும் நடக்காது. பிறகு பின்னங்கால் ஒன்று விறைத்து நீளும். வால் சற்றே தூக்கும். பஞ்சில் இளமஞ்சளாக ஒரு துளி பரவி, விரலுக்கு அந்தச் சூடு தெரியும். அடுத்த நொடி உடம்பு முழுவதும் தளர்ந்து, கையிலேயே கனமாகித் தூங்கிப்போகும். வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருக்க, நடுநிசியில் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் குட்டி போட்ட நாய் ஒவ்வொன்றும் சாக்கடை ஓரத்தில், லாரிக்கு அடியில், பட்டினியோடு, ஒவ்வொரு குட்டிக்கும் நாளெல்லாம் இதைச் செய்துகொண்டிருக்கிறது. கடந்து போகிற நமக்கு அது சும்மா படுத்திருப்பதாகத்தான் தெரிகிறது.

மகன் ஒரு நோட்டுப் போட்டான். தினமும் காலையில் பால் கொடுக்கும் முன் சமையலறைத் தராசில் எடை. முதல் நாள் 430. மறுநாள் 424, அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் 441. அப்புறம் ஏறுமுகம்தான். நன்றாக இருக்கும் குட்டி இந்த வயதில் அன்றாடம் எடை கூட வேண்டும். ஒரு நாள் நின்றாலும் ஏன் என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்காம் நாள் இடது கண்ணில் ஒரு கீறல் தெரிந்தது, உள்ளே புகைபடிந்த நீலம். மறுநாள் வலது கண். மூன்றாவது வாரத்தில் கதவு சாத்தும் சத்தத்துக்குத் திடுக்கிட்டது, காது திறந்துவிட்டது. ஒரு நாள் பஞ்சு இல்லாமல், பெட்டியின் மூலைக்குத் தானே தள்ளாடிப் போய்ச் சிறுநீர் கழித்தது. மகன் அதை நோட்டில் சிவப்பு மையில் எழுதினான்.

குடற்புழு மருந்தும் அந்த நாட்களிலேயே தொடங்கியது. தாயின் வயிற்றிலேயே, தாய்ப்பாலிலேயே குட்டிக்குப் புழு வந்துவிடும் என்பதால் இரண்டு வாரத்திலிருந்தே மருந்து கொடுக்கிறார்கள். பிறந்த முதல் நாளில் குடித்த சீம்பால்தான் சில வாரங்களுக்கு நோயிலிருந்து காக்கிறது. அந்தக் காப்பு தேயும் காலத்தில் பார்வோ என்கிற வைரஸ் வந்தால் குட்டி பிழைப்பது கடினம். அதனால் ஆறாவது வாரத்திலிருந்து தடுப்பூசி, முழுவதும் போட்டு முடியும்வரை தெருவில் விடக் கூடாது. இதெல்லாம் காசும் கவனமும் இருந்தால் முடிகிற காரியங்கள். இரண்டாலும் முடியாத ஒன்று ஐந்தாவது வாரத்தில் தொடங்கியது.

குட்டி கடித்தது. ஊசிப் பல். விளையாட்டாகத்தான் கடித்தது, ஆனால் எவ்வளவு அழுத்துவது என்ற அளவே அதற்குத் தெரியவில்லை. மகனின் விரலில் ரத்தம் வந்தது. கூடப் பிறந்தவை இருந்தால் இந்தப் பாடம் தானாக நடந்திருக்கும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். மடியைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். தன் பல்லுக்கு எவ்வளவு வலு என்பதைக் குட்டி அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. நாங்கள் கையை இழுத்துக்கொண்டோம், எழுந்து போனோம், முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கொஞ்சம் பலித்தது. ஆனால் நாங்கள் பேசிய மொழி அதனுடையதில்லை.

முதல் தடுப்பூசி போட்டபின் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவின் நாயிடம் கொண்டுபோனோம். கருப்பிக்கு ஒன்பது வயது. எல்லா ஊசியும் தவறாமல் போட்டவள். குட்டி ஓடிப்போய் அவள் காதைப் பிடித்து இழுத்தது. கருப்பி பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை பல் ஆழமாக இறங்கியதும் உதட்டைச் சுருக்கி, தொண்டையிலிருந்து ஒரே ஓர் உறுமல். குட்டி அப்படியே உறைந்து, பிறகு மல்லாந்து வயிற்றைக் காட்டியது. அவள் அதை மோந்து பார்த்து, முகத்தை ஒரு தடவை நக்கினாள். சற்று நேரம் கழித்துக் குட்டி ஊர்ந்துபோய், பாலே இல்லாத அவள் அடிவயிற்றில் முட்டித் தேடியது. கருப்பி எழுந்திருக்கவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவத் தேடுதாப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மறைக்க மனம் வரவில்லை.

தினமும் மாலை கருப்பியிடம் போய்வந்தது. ஒரு மாதத்தில் கடி மென்மையானது. நாங்கள் பத்து நாள் பாடுபட்டும் புரியவைக்க முடியாததை அவள் ஓர் உறுமலில் தொடங்கிவைத்தாள்.

ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அறிஞர்கள் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் நாய் பிற உயிர்களோடு உறவு கொள்ளப் பழகும் முக்கியமான காலம் என்று அவர்கள் கண்டார்கள். அப்படியானால் எட்டு வாரம் தாயிடம் இருந்துவிட்டு நம்மிடம் வருகிற குட்டிக்கும் நம்மோடு ஒட்டுவதற்கு வேண்டிய நாள் மீதம் இருக்கிறது. நாயாக இருப்பது எப்படி என்பதையும் அது கற்றுக்கொண்டு வருகிறது. பத்து நாள் குட்டி நம் கையை விடாமல் முட்டுகிறதே, அது நம்மைத் தெரிந்து ஒட்டுவதில்லை. சூட்டுக்குத் தவிக்கிறது. அந்தத் தவிப்பைத்தான் நாம் பாசம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

நாய் வளர்த்து விற்பவர்களுக்கென மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகள் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. தெருக் குட்டியை யாரும் விற்பதில்லை, எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே நம் மனசாட்சிதான் விதி. குட்டிகள் தனியாகக் கிடந்தால் தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்று ஓரிரு மணி நேரம் காத்திருந்து பார்க்கலாம். குட்டிகள் உலர்ந்து, சூடாக, வயிறு நிறைந்து உறங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. தாய்க்குச் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு வருவதே அந்தக் குட்டிகளுக்குச் செய்யும் பெரிய உதவி. தாய் வரவே இல்லை, குட்டிகள் நனைந்து குளிர்ந்து எறும்பு மொய்க்கக் கிடக்கின்றன என்றால் மட்டும் எடுங்கள். எடுத்தால், பாலைத் தேடும் முன் நெஞ்சோடு வைத்துச் சூடேற்றுங்கள்.

இந்த வருஷமும் மழை வந்தது. அடுத்த தெருவில், பூட்டிய வீட்டுத் திண்ணைக்கு அடியில் ஒரு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது. மகன் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது தட்டில் சோற்றை எடுத்துக்கொண்டு போய், நான்கு முழம் தள்ளி வைத்துவிட்டு, தாய் தின்று முடிக்கும்வரை குந்தியிருக்கிறான். அவனோடு படிக்கும் பையன் ஒருவன் ஒரு குட்டி வேண்டும் என்று கேட்டானாம். பழைய எடை நோட்டை எடுத்து, மிச்சமிருந்த பக்கத்தில் குட்டி போட்ட தேதியை எழுதி, அதிலிருந்து ஐம்பத்தாறு நாள் எண்ணி ஒரு தேதியை வட்டமிட்டிருக்கிறான். "அன்னைக்கு வா, தரேன்" என்று சொல்லியனுப்பியிருக்கிறான். அவன் காலடியில், நெற்றியில் வெள்ளைக் கீற்றுள்ள எங்கள் நாய் படுத்திருந்தது.