சுவாமியின் கையெழுத்தா?

ஊர்காவற்றுறையில் முதியவர் ஒருவரிடம் ‘தமிழ்த்தூது’ நூலின் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. 1952இல் முதலில் வெளிவந்த அந்நூலை எழுதியவர், 1913இல் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள். முதற்பக்கத்தில் ‘நினைவாக’ என்று முடியும் இரண்டு வரிகள், அடிகளின் பெயர், 1960 என்ற ஆண்டு. “தம்பி, நீர் பேப்பரிலை இருந்தனீர். இது சுவாமியின்ரை கையெழுத்துத்தானே?” என்று கேட்டார். ரொறன்ரோவில் ஒருவர் நல்ல விலை தர ஆயத்தமாம். அந்தப் பணத்தில் வீட்டுக் கூரையைத் திருத்தலாம் என்பது முதியவரின் கணக்கு.

இத்தகைய கேள்விக்கு விடை தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அமெரிக்காவில் உண்டு. அங்கே பழைய பேஸ்போல் வீரர்களின் கையொப்பங்களுக்குப் பெரும் சந்தை இருப்பதால் போலிகளும் பெருகின. 1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய விசாரணையில், அன்னை தெரேசா கையெழுத்திட்டதாகச் சொல்லி விற்கப்பட்ட பேஸ்போல் பந்துகள்கூடச் சிக்கின!

அங்குள்ள பரிசோதகர்கள் கையொப்பத்தைப் பார்க்குமுன் பந்தைப் பார்ப்பார்கள். பேப் ரூத் 1948இல் காலமானார். 1959இல் பதவியேற்ற லீக் தலைவரின் பெயர் அச்சிடப்பட்ட பந்தில் அவருடைய கையொப்பம் இருக்க வழியில்லை. அதன் பிறகே மையும் எழுத்தோட்டமும். தன் பெயரை எழுதுபவன் விரைந்து எழுதுவான்; பிறர் பெயரைப் போலியாக எழுதுபவன் அதை வரைவான். ஆகவே கோடு நடுங்கும், அழுத்தம் ஒரே சீராக இருக்கும், பேனா தூக்கக்கூடாத இடத்தில் தூக்கப்பட்டிருக்கும்.

அதே வரிசையில் முதியவரின் பிரதியையும் பார்த்தேன். அச்சிட்ட ஆண்டு, எழுதிய ஆண்டுக்கு முந்தியது. மை ஊற்றுப்பேனா மை. நம் மொழிக்கே உரிய இன்னொரு சோதனையும் உண்டு. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் ‘னை’, ‘லை’ போன்ற எழுத்துகளைப் பொதுவாகத் துதிக்கை போன்ற சுழியோடு எழுதினார்கள். 1960 என்று தேதியிட்ட வரியில் இன்றைய வடிவம் இருந்தால் ஐயப்படலாம். இங்கே ‘நினைவாக’ பழைய வடிவிலேயே இருந்தது.

இவையெல்லாம் சேர்ந்தும் ஒன்றைத்தான் சொல்கின்றன: அக்காலத்தில் யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அடிகள்தானா? நூல் யாருடையது என்பதைக் குறிக்க ஆசிரியர் பெயரை வாசகரே எழுதிவைப்பதும் வழக்கம். அதைத் தீர்மானிக்க, ஐயமற்ற கையெழுத்து ஒன்றோடு ஒப்பிட வேண்டும்.

நம்மவர்க்கு இடர் வருவது இங்கேதான். ஒப்பிட எங்கே போவது? யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1990களின் இடப்பெயர்வில் தீவுப்பகுதி வீடுகளிலிருந்த கடிதக் கட்டுகள் என்னவாயின என்பதை வாசகர்கள் அறிவீர்கள். இந்தப் பிரதியும் ஒரு துணிப்பையில் ஊர் ஊராக அலைந்து திரும்பியதுதான்.

“அடிகள் எழுதியிருக்கலாம், உறுதி சொல்ல என்னால் முடியாது” என்றேன். முதியவரின் முகம் வாடியது. “ஐயா பொய் சொல்லமாட்டார்” என்றார். அவருடைய தந்தையார் அதை அடிகளிடமே பெற்றதாகச் சொல்வாராம். அந்தச் சொல்லையும் ஆதாரமாகவே கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். எங்கே, எப்போது, யார் முன்னிலையில் பெற்றார் என்று தந்தையார் சொன்னவற்றைக் கேட்டு எழுதி, அவருடைய ஒப்பத்தோடு நூலுக்குள் வைத்துவிட்டு வந்தேன். ரொறன்ரோக்காரருக்கும் இதையே எழுதுமாறு சொன்னேன். விலை குறையும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஐயத்தை மறைத்து விற்ற பிரதி நாளை ஒரு நூலகத்துக்குப் போனால், அதையே அளவுகோலாக வைத்து மெய்யான கையெழுத்தைப் போலி என்பார்கள்.

அடிகள் 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய மாணவர்களோ, அவர்களின் பிள்ளைகளோ இதைப் படிக்கக்கூடும். அவர் கைப்பட எழுதிய கடிதம், அஞ்சல் முத்திரையுள்ள உறையோடு உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முதியவர் இன்னும் நூலை விற்கவில்லை. மாரிக்கு முன் கிடைத்தால் நல்லது.