மீன் கற்றுக்கொண்ட தொலைவு

பவளப்பாறைகளில் ஈட்டி கொண்டு மீன்பிடிப்போர் அனைவரும் அறிந்த ஓர் அளவு உண்டு. மூழ்கி நெருங்கும் மனிதனை மீன் எவ்வளவு தூரம் வரை பொறுத்திருந்து பின் விலகுகிறது என்பதே அது. விலங்கு நடத்தையியலில் இதனைத் ‘தப்பியோடும் தொலைவு’ எனலாம். வேட்டை காணாத பாறையில் இத்தொலைவு ஏறத்தாழக் கைக்கெட்டும் தூரமாகச் சுருங்கியிருக்கும். நாள்தோறும் ஈட்டி பாயும் பாறையிலோ, மீன் ஈட்டியின் வீச்சுக்குச் சற்று அப்பால் சென்று நின்றுகொள்ளும். அந்தச் சிறு இடைவெளியைக் கடப்பதில்தான் இத்தொழிலின் திறமை முழுதும் அடங்கியிருக்கிறது.

மீன் ஏன் கண்டவுடனேயே ஓடிவிடுவதில்லை? 1986இல் யெடென்பெர்க், டில் என்னும் இரு அறிஞர்கள் இதற்கொரு விளக்கம் அளித்தனர். ஓடுவதற்கும் விலை உண்டு. ஓடும் மீன் மேய்ச்சலை இழக்கிறது. காத்துவந்த இடத்தை இழக்கிறது. ஆகவே, நிற்பதன் ஆபத்து ஓடுவதன் இழப்பை விஞ்சும் கணம் வரை அது காத்திருக்கிறது. அந்தக் கணம் எப்போது வரும் என்பதை அனுபவம் தீர்மானிக்கிறது. ஈட்டிக்குத் தப்பிய மீனும், அருகில் மற்றொன்று குத்துப்படக் கண்ட மீனும் அடுத்த முறை முன்னதாகவே விலகக் கற்றுக்கொள்கின்றன. மத்தியதரைக் கடலில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, காப்பகங்களுக்கு வெளியே ஈட்டிக்காரர்கள் நாடும் இனங்களில் சிறிய மீன்களைவிடப் பெரியவை கூடுதல் எச்சரிக்கை காட்டுவதைப் பதிவுசெய்தது.

இத்தகைய மீனைத் துரத்திப் பிடிக்க இயலாது. துரத்துபவன் அதன் கணக்கை அதற்கே எளிதாக்கிக் கொடுக்கிறான். தேர்ந்த மூழ்காளர் மேற்பரப்பில் அசைவின்றி மிதந்து, மூச்சும் இதயத்துடிப்பும் தணியும்வரை காத்திருப்பார். பின்னர் இடுப்பில் மடங்கித் தலைகீழாக இறங்குவார். நீருக்கு மேல் உயர்ந்த கால்களின் எடையே உடலைக் கீழே அழுத்திவிடும். கால்துடுப்பு நீரை அறைந்து ஒலியெழுப்பினால் அந்த முயற்சி அங்கேயே வீண். மீனின் பக்கக்கோட்டு உறுப்பு நீரின் மெல்லிய அதிர்வையும் உணரவல்லது. நேராக மீனை நோக்கிச் செல்லாமல், அதைக் காணாதவர்போல் சாய்வாகக் கடந்து, பாறையொன்றின் மறைவில் அடித்தரையோடு ஒட்டிக் கிடப்பதே முறை. இத்தாலிய மூழ்காளர் இதனைக் ‘காத்திருப்பு’ என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிப்பர். பாரை போன்ற மீன்கள் அசையாப் பொருளைக் காண ஆவலுற்றுத் தாமே நெருங்கி வருவதுண்டு. களவா தன் பொந்தின் வாயிலில் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு கணமே வாய்ப்பு. எச்சரிக்கையடைந்த கிளிமீனிடம் அவ்வளவுகூடக் கிடைப்பதில்லை.

காத்திருப்பை நீட்டிக்க மூச்சு வேண்டும்; ஆபத்தும் அங்கேதான். மூழ்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சிழுத்தால் உடலில் கரியமிலவாயு குறையும். மூச்சுவிட வேண்டும் என்னும் உந்துதல் தாமதமாகும். ஆனால் உயிர்வளியின் இருப்பு அதனால் குறிப்பிடத்தக்க அளவு கூடிவிடுவதில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. அங்கே போதுமானதாயிருந்த உயிர்வளி, மேலேறும்போது அழுத்தம் குறையக் குறையப் போதாமற்போய், கடைசிச் சில மீட்டர்களில் நினைவு தப்பிவிடும். தேர்ந்த மூழ்காளர்களையும் இது கொன்றிருக்கிறது. ஆகவேதான் ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலிருந்து காவல் காக்கும் வழக்கத்தைப் பயிற்சியாளர்கள் வற்புறுத்துகின்றனர். மனிதனின் மூச்சுக்கு எல்லை இருப்பதால்தான், அந்த எல்லைக்கு அப்பால் மீனுக்கும் ஒரு புகலிடம் எஞ்சியிருந்தது.

இந்தப் புகலிடத்தை இரு கருவிகள் திறந்துவிட்டன. ஒன்று, நீருக்கடியில் மூச்சளிக்கும் ஸ்கூபா உருளை. மற்றொன்று, நீர்புகாக் கைவிளக்கு. சாலமன் தீவுகளின் ரோவியானா மக்கள் ‘டோப்பா’ என்றழைக்கும் மீன், நெற்றி புடைத்த மாபெரும் கிளிமீன். ஒரு மீட்டருக்கு மேல் வளர்வது. பல பத்தாண்டுகள் வாழ்வது. பகலில் அதனை அணுகுதல் மிகக் கடினம். ஆனால் இரவில் அது ஆழமற்ற இடங்களில் கூட்டமாக உறங்குகிறது. 1970களில் கைவிளக்கு வந்தபின், பகலில் எட்டாத மீன் இரவில் உறங்கிய நிலையிலேயே குத்துப்பட்டது. மீன் கற்றுவைத்த எச்சரிக்கை உறக்கத்தில் அதற்கு உதவவில்லை. அந்த இனம் பல இடங்களில் அருகிப்போனதற்கு இம்முறை ஒரு முதன்மைக் காரணம். ஸ்கூபா கொண்டு மீன்பிடிப்பதை அமெரிக்க சமோவா 2001இல் தடைசெய்தது.

இதற்கு முற்றிலும் வேறான ஒரு நுட்பத்தைப் பாப்புவா நியூ கினியின் கர்கர் தீவில் காணலாம். அங்குள்ள முலுக் என்னும் ஊரில், மீன்கள் ஈட்டிக்கு அஞ்சிப் பிடிபடாமற்போகும்போது பாறையின் ஒரு பகுதியை ஊரார் மூடிவிடுகின்றனர். மீன்கள் மீண்டும் மனிதரை நெருங்கவிடும்வரை அப்பகுதியில் வேட்டை இல்லை. பின்னர் குறுகிய காலம் திறந்து பிடிக்கின்றனர். மீனின் அச்சம் அவர்களுக்கு ஓர் அறிகுறி. பாறைக்கு ஓய்வு வேண்டும் என்பதை அதிலிருந்து படிக்கின்றனர். கர்கர் தீவின் மூடிய பகுதிகளைக் குறித்து 2011இல் வெளியான ஆய்வு இந்த அறிவை உறுதிப்படுத்தியது: மூடிய பகுதிகளில் தப்பியோடும் தொலைவு குறைவு, ஈட்டிக்காரர் பெறும் வெற்றியும் அங்கே கூடுதல். பிலிப்பைன்ஸில் நடந்து 2013இல் வெளியான ஆய்வோ, காப்பகத்தின் எல்லையைத் தாண்டிச் சற்றுத் தூரம் வரை அஞ்சாத மீன்கள் காணப்படுவதைக் காட்டியது.

ஆயினும் இம்முறையில் ஓர் இடர் உண்டு. பழகிப்போன மீன் எளிதில் பிடிபடும். திறப்பு நீண்டுவிட்டால், பல மாதங்கள் சேர்ந்த வளம் சில நாட்களில் தீர்ந்துவிடலாம். மீன் பெருகுவதற்கு முன்பே அது பழகிவிடக்கூடும் என்பதால், நெருங்கவிடும் மீனைக் கண்டு வளம் மீண்டுவிட்டதென முடிவு செய்வதும் பிழையாகலாம். மூடுவதற்கு வேண்டிய அதே கட்டுப்பாடு, திறந்தபின் நிறுத்துவதற்கும் வேண்டும்.

கடல்சார் ஆய்வு மாணவர்களுக்கு இதில் நேரடியான பாடம் ஒன்றுண்டு. மீன்வளம் பெரும்பாலும் மூழ்கிச் சென்று கண்ணால் எண்ணியே மதிப்பிடப்படுகிறது. எண்ணுபவர் கையில் எழுதுபலகை இருந்தாலும், வேட்டையாடப்பட்ட மீனுக்கு அவரும் ஒரு மனிதரே. அது அவர் பார்வைக்கு எட்டுமுன் விலகிவிடக்கூடும். காப்பகத்து மீனோ அவர் முன்னால் வந்து நிற்கும். அவ்வாறாயின், இரண்டிடங்களின் எண்ணிக்கைக்கும் இடையிலான வேறுபாட்டில் எவ்வளவு சாவினால் வந்தது, எவ்வளவு அச்சத்தினால் வந்தது? லட்சத்தீவின் மீன்பிடிப்பு நெடுங்காலம் திறந்த கடலில் தூண்டிலால் பிடிக்கும் சூரை மீனையே பெரிதும் சார்ந்திருந்தது. பாறை மீன்கள் அதனால் பெருமளவு தப்பின. அத்தகைய இடங்களில் பாறை வேட்டை கூடுமானால், எண்ணிக்கையில் தெரியும் சரிவு இவ்விரண்டும் கலந்ததாகவே இருக்கும்.

இதற்குச் செய்யத்தக்கவை எளியவை. எண்ணிக்கையோடு தப்பியோடும் தொலைவையும் அளந்து பதியலாம். ஆளில்லாமல் நிறுத்திய ஒளிப்பதிவுக் கருவியின் கணக்கோடு ஒப்பிடலாம். அனைத்துக்கும் முன்னதாக, அப்பாறையில் மீன்பிடிப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: மீன் எவ்வளவு தூரம் வரை நெருங்கவிடுகிறது? கருவி இறங்குவதற்கு முன்பே அவரிடம் அதற்கு விடை இருக்கும்.